பத்துக்கு ஆறு... மீதி நாலு எங்கே?



ஆங்கிலப் பேச்சுத் தேர்வு முடிந்ததும் நம் கைக்கு வருவது என்ன? ஓர் எண். பத்துக்கு ஆறு! மீதி நாலு எங்கே போச்சு? உச்சரிப்பிலா, இலக்கணத்திலா, பயத்திலா? எழுத்துத் தேர்வு என்றால் விடைத்தாளில் சிவப்புக் கோடாவது இருக்கும். பேச்சு காற்றோடு போய்விடுகிறது.

புதுவை அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின. அதில் மேல்நிலை ஆங்கிலத்தில் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் அகமதிப்பீடு உண்டு. நல்லதுதான். ஆனால், மார்க் போட்டால் மட்டும் பேச்சு வந்துவிடுமா? வில்லியனூர், பாகூர் பக்கத்திலிருந்து வரும் நம்மில் பலருக்கு வீட்டில் திருத்திச் சொல்ல ஆளில்லை. என் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். நாளை நேர்முகத் தேர்வில் நம்மைத் திருப்பி அனுப்புகிறவர்கள் காரணம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வழி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. செல்போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து ஆசிரியருக்கு அனுப்புவோம். "நாற்பதாவது நொடியைக் கேள். 'ஃபேன்' உன் வாயில் 'பேன்' ஆகிறது. உதடு இரண்டையும் ஒட்டாதே, மேற்பல் கீழுதட்டைத் தொடட்டும்" என்று அவர் அரை நிமிடம் குரலில் பதில் அனுப்பினால் போதும். திருத்திப் பேசி மறுபடி அனுப்பலாம். பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் நமக்கே புரியும். எந்த ஒலி வாயில் எங்கே பிறக்கிறது என்று தொல்காப்பியர் பிறப்பியலில் அன்றே இடம் காட்டிச் சொன்னார். நாம் கேட்பதும் அதைத்தான்: இடம் காட்டுங்கள்!

"அதற்குத்தான் செயலி இருக்கிறதே" என்பார்கள் சிலர். 2019-ல் கூகுள் 'போலோ' என்ற பெயரில் இந்தியாவில் கொண்டுவந்த செயலி, பிள்ளைகள் வாசிக்கும்போதே தவறிய சொல்லைக் காட்டியது. பயிற்சிக்கு அது உதவும். ஆனால் லேத் மெஷின் வேலை செய்யும் விதத்தை நாம் சொந்தமாக விளக்கும்போது, எதிரே இருப்பவருக்கு விளங்கியதா என்று மனிதர்தானே சொல்ல வேண்டும்?

அறுபது பேர் வகுப்பில் இரண்டிரண்டு நிமிடம் கேட்கவே இரண்டு மணி நேரம் ஆகும் என்பது நியாயமான கவலை. ஐந்தைந்து பேராகப் பிரிந்து முதலில் நாமே ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக் குறிப்புச் சொல்லுவோம். வாரம் ஒரு குழுவின் பதிவை மட்டும் ஆசிரியர் கேட்கட்டும். போன் இல்லாதவருக்கு மொழி ஆய்வகக் கணினி கிடைக்கட்டும்.

அடுத்த செமஸ்டரிலேயே இதைத் தொடங்க நம் மாணவர் சங்கம் கல்லூரியிடம் கேட்க வேண்டும். சங்கம் கேட்குமா?