பழைய கதைக்குப் பதில் சொல்லும் கடமை

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1970 முதல் 2011 வரை பகல் நேரத்தில் ஓடிய ‘ஆல் மை சில்ட்ரன்’ தொடரில், எரிகா கேன் என்ற பாத்திரமான பெண் 1973இல் கருக்கலைப்பு செய்துகொண்டாள். அந்த ஆண்டு ஜனவரியில்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதிசெய்திருந்தது. உயிருக்கு ஆபத்து என்ற காரணம்கூட இல்லை. அவளுக்கு மாடலிங் வாழ்க்கை வேண்டியிருந்தது. தொடரை உருவாக்கிய ஆக்னஸ் நிக்சனின் துணிச்சல் அது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த கதையோ, மருத்துவர் அந்தக் கருவை ரகசியமாக வேறொரு பெண்ணின் வயிற்றில் வைத்துவிட்டதாகச் சொல்லி, ஜாஷ் என்ற வாலிபனைக் கொண்டுவந்து நிறுத்தியது. எரிகாவின் முடிவே இல்லாமல் போனது.

செத்தவர்களே பிழைத்து வரும் தொடர்களில் இதை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். செத்தவர் திரும்புவது வெறும் கற்பனை; எரிகாவின் முடிவு பார்வையாளர்கள் பலரின் வாழ்க்கையில் நிகழ்ந்தது. பழையதை அழிக்காமல் கதை நகராது என்பதும் சரியல்ல. ‘ஜெனரல் ஹாஸ்பிட்டல்’ என்ற இன்னொரு தொடர் 1979இல் லூக் என்பவன் லாரா என்பவளைப் பாலியல் வன்கொடுமை செய்ததைக் காட்டியது. பிறகு அதைக் காதலாகப் பூசி மெழுகி, 1981இல் இருவருக்கும் திருமணமும் செய்துவைத்தது. சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். மன்னிக்க முடியாத பூச்சு அது. ஆனால் 1998இல் அதே தொடர் அந்தக் குற்றத்தை மறைக்காமல் மீண்டும் எடுத்தது. அவர்களது மகன் லக்கிக்கு உண்மை தெரிந்தது. லூக் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.