இருப்பிடம் தெரியாத ஸ்கிரிப்ட் எதையும் அழிக்கக் கூடாது

2015 ஜனவரியில், லினக்ஸ் கணினியில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளை இயக்கிய ஒருவரின் சொந்தக் கோப்புகள் எல்லாம் அழிந்தன. கணினியோடு இணைத்திருந்த வெளி ஹார்டு டிஸ்க்கில் இருந்த பேக்கப்பும் தப்பவில்லை. வைரஸ் எதுவும் புகவில்லை. மென்பொருளைத் தொடங்கிவைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு), தான் இருக்கும் ஃபோல்டரைக் கண்டுபிடித்து அதற்குள் இருப்பதை அழிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. கண்டுபிடிக்கும் முயற்சி தோற்று விடை வெறுமையாகிவிட்டால், அந்தக் கட்டளையில் ஃபோல்டர் பாதையின் இடத்தில் மிஞ்சுவது ஒரு சாய்கோடு மட்டுமே. லினக்ஸில் சாய்கோடு என்றால் மொத்தக் கணினி. அந்த வரி பயமூட்டுவது என்ற குறிப்பு ஸ்கிரிப்டிலேயே இருந்தது. பயம் இருந்தது, பாதுகாப்பு இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டுக்குத் தன் இடம் தெரியாதா என்று கேட்கலாம். எல்லா ஷெல்லுக்கும் பொதுவாகக் கிடைப்பது டாலர் பூஜ்யம் என்ற மாறி; அது சொல்வது ஸ்கிரிப்டை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பதை மட்டுமே. பாஷ் என்ற ஷெல்லின் கட்டளைக்குக் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்து ஓட்டினால் அதில் பாதையே இராது. சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு, வழியாக ஓட்டினால் அசல் கோப்பின் இடம் வராது, சிம்லிங்க் இருக்கும் இடமே வரும். பாஷில் உள்ள பாஷ்_சோர்ஸ் மாறி இதைவிட நம்பகமானது. ஆனால் சாதாரண எஸ்ஹெச் ஷெல்லில் அதை எதிர்பார்க்க முடியாது, சிம்லிங்க் சிக்கலையும் அது தீர்ப்பதில்லை. ஆகவே இங்கே கிடைக்கும் எந்த விடையும் ஊகம்தான். அதை உண்மையாக எடுத்துக்கொண்டு அழிக்கத் தொடங்குவதே குற்றம்.

ஸ்கிரிப்ட் தன் இடத்தைத் தேடவே கூடாது, அமைப்புக் கோப்புகளை நிலையான இடத்தில் வைப்பதே முறை என்று அனுபவசாலிகள் வாதிடுகிறார்கள். கணினியில் முறையாக நிறுவப்படும் மென்பொருளுக்கு அது சரியே. பென்டிரைவில் எடுத்துச் செல்லும் ஃபோல்டருக்கும், புரோகிராமர்கள் தங்களுக்குள் பகிரும் புராஜெக்டுக்கும் நிலையான இடம் ஏது? அங்கே தேடித்தான் ஆக வேண்டும். சின்ன ஸ்கிரிப்டுக்கு இத்தனை சோதனை எதற்கு என்பது இன்னொரு வாதம். ஆனால் மாறி வெறுமையாக இருந்தால் உடனே நின்றுவிடச் சொல்ல ஷெல்லிலேயே வசதி உண்டு. கூடுதலாகத் தட்ட வேண்டியது சில எழுத்துகள்தான். கிடைத்த ஃபோல்டரில் தனக்கே உரிய கோப்பு ஒன்று இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு வரி போதும். இந்த இரண்டும் இல்லாமல் அழிக்கும் கட்டளை கொண்ட எந்த ஸ்கிரிப்டையும் நிறுவனங்கள் பயனர்களிடம் அனுப்பக் கூடாது. எழுதுபவருக்கு மிச்சமாவது ஒரு நிமிடம். பயனர் இழப்பதோ பல ஆண்டுச் சேமிப்பு.