கழித்தல் இல்லாத கணக்கு

அணுக்கரு இணைவைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ‘செயற்கைச் சூரியன்’ என்று தொடங்கி, ‘வற்றாத ஆற்றல்’ என்று முடிந்துவிடுகின்றன. நடுவே இருக்கவேண்டிய செலவுக் கணக்கைத்தான் காணோம். எங்கள் திருமழிசைத் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை வைத்திருப்பவர்கூட மின்கட்டணத்தைக் கழிக்காமல் இலாபம் சொல்லமாட்டார். அறிவியல் எழுதுவோருக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை?

2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடம் 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றது. சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஒளியை உண்டாக்க ஏறத்தாழ 300 மெகாஜூல் மின்சாரம் செலவாயிற்று. ‘இட்டதைவிட எடுத்தது அதிகம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டவர்கள் எந்த வாசலில் நின்று அளந்தார்கள்? பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் உலையின் இலக்கு, 50 மெகாவாட் வெப்பத்தைச் செலுத்தி 500 மெகாவாட் பெறுவது. இந்தப் பத்து மடங்கு, உலைக்குள் கொதிக்கும் பிளாஸ்மாவோடு நின்றுவிடும் கணக்கு. காந்தங்களும் குளிரூட்டிகளும் உண்ணும் மின்சாரம் அதில் சேராது. ஈட்டர் மின்சாரம் தயாரிக்கப்போவதும் இல்லை. அது ஆய்வு உலை.

இந்த இழப்புகள் பொறியாளர்களின் கவனக்குறைவால் வருபவை அல்ல. ஒரு துளையை அடைத்தால் இன்னொன்று திறப்பது இவ்வுலைகளின் இயல்பு. குஜராத்தின் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தையே பாருங்கள். 1989இல் இயங்கத் தொடங்கிய ‘ஆதித்யா’வின் காந்தச் சுருள்கள் செம்பாலானவை. மின்தடையால் சூடேறுவதால் அவற்றை நெடுநேரம் இயக்க முடியாது. 2013இல் முதல் பிளாஸ்மாவைக் கண்ட எஸ்.எஸ்.டி.-1இல் மீகடத்திச் சுருள்கள் வந்தன. மின்தடை போயிற்று, ஆனால் அவற்றைக் கழி 269 பாகை செல்சியசை ஒட்டிய குளிரில் வைத்திருக்க வேண்டும். அந்தக் குளிருக்குள் கசியும் ஒவ்வொரு வாட் வெப்பத்தையும் வெளியேற்றச் சில நூறு வாட் மின்சாரம் தேவை.

உலைச் சுவரிலும் இதே இக்கட்டுதான். கரிச்சுவர் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் எரிபொருளான டிரிட்டியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டங்ஸ்டன் அப்படிச் செய்வது குறைவு. 3,400 பாகைக்கு மேல்தான் உருகும். ஆனால் அது சிறிதளவு பிளாஸ்மாவில் கலந்தாலும் வெப்பத்தைக் கதிராக வெளியேற்றிக் குளிரவைத்துவிடும். இதெல்லாம் தெரிந்தேதான் ஈட்டர் பெரிலியத்தைக் கைவிட்டு டங்ஸ்டனைத் தேர்ந்தது.

இவற்றை எழுதினால் வாசகர் ஓடிவிடுவார் என்பார்கள். வெண்பாவில் தளை தட்டுவதைக் கண்டுபிடிக்கிற வாசகருக்கு ஒரு வகுத்தல் கணக்கு புரியாதா? புரியாது என்று நினைப்பது வாசகரை அவமதிப்பது.

ஈட்டரில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 9 விழுக்காடு. அதன் மாபெரும் குளிர்கலனின் பகுதிகள் குஜராத்தின் ஹசிராவில் செய்யப்பட்டவை. செலவழிவது நம் வரிப்பணம். டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும் கட்டமோ 2039க்குத் தள்ளிப்போயிருக்கிறது. ‘வற்றாத ஆற்றல்’ என்றே கேட்டுப் பழகியவர்கள் இத்தகைய செய்தி வரும்போது ஏமாற்றப்பட்டதாக உணர்வார்கள்; நிதியை நிறுத்தச் சொல்வார்கள். அப்போது அடிவாங்கப்போவது மிகையாக எழுதியவர்கள் அல்லர். உண்மையாக உழைத்த விஞ்ஞானிகள்.

இந்த ஆராய்ச்சி வேண்டும் என்பதே என் கட்சி. அதனால்தான் கேட்கிறேன்: எந்த எல்லைக்குள் அளந்தது, அதற்கு வெளியே எவ்வளவு செலவானது என்ற இரண்டு வரிகள் இல்லாத இணைவுச் செய்தியை நம் இதழ்கள் ஏன் அச்சேற்ற வேண்டும்?