வியூகம் வகுத்தால் கிரிப்டோ முதலீடாகிவிடுமா?

கிரிப்டோ நாணயங்களில் பணம் போட்டு நட்டமடைந்தவர்கள் அனைவரும் திட்டமின்றி இறங்கியவர்களே என்றும், தமக்கென ஒரு வியூகத்தை வகுத்து அதிலிருந்து பிறழாமல் நடப்பவருக்கு அதுவும் மற்ற முதலீடுகளைப் போன்றதே என்றும் ஒரு நம்பிக்கை பரவலாக வேரூன்றியிருக்கிறது. சேலம் சந்திப்பை ஒட்டிய சூரமங்கலத்தில் ரயில்வே ஊழியர், இரும்பாலைத் தொழிலாளி, வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர் என எவரும் கைப்பேசியிலேயே கணக்குத் தொடங்கிவிட முடிகிற இக்காலத்தில், இந்நம்பிக்கை பெருநகரங்களோடு நின்றுவிடுவதில்லை. பேராசையைக் கண்டிக்கும் பாவனையில் பேசப்படுவதால் அறிவார்ந்த எச்சரிக்கையாகத் தோன்றும் இக்கருத்து, உண்மையில் கூடுதல் தொகையைப் போடத் தூண்டும் போலித் துணிச்சலையே தருகிறது. வியூகம் கட்டுப்படுத்துவது வாங்குபவரின் நடத்தையை மட்டுமே. இச்சந்தையின் பெருநட்டங்களோ அந்நடத்தைக்கு எட்டாத இடங்களிலிருந்து வருகின்றன.

முதலில் பரிந்துரைக்கப்படுவது சராசரி முறை, அதாவது விலையைப் பாராமல் மாதந்தோறும் ஒரே தொகைக்கு வாங்கி, விலை இறங்கிய மாதங்களில் அதிக அலகுகளைச் சேர்த்துக்கொள்ளும் முறை. பரஸ்பர நிதிகளின் எஸ்ஐபி திட்டத்திலிருந்து பெறப்பட்ட இம்முறை அங்கே பலன் தருவதற்குக் காரணம் அதன் கணக்கு அன்று. பங்குகளுக்குப் பின்னால் உள்ள நிறுவனங்கள் பொருளை விற்று லாபம் ஈட்டுவதே காரணம். கிரிப்டோ நாணயம் என்பது பல கணினிகள் சேர்ந்து பராமரிக்கும் பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் உள்ள ஒரு பதிவு. அப்பதிவை வெறுமனே வைத்திருப்பவருக்கு வாடகையோ ஈவுத்தொகையோ வருவதில்லை என்பதால், நாளை வேறொருவர் கூடுதல் விலைக்கு வாங்குவார் என்ற எதிர்பார்ப்பே அவருடைய லாபத்தின் முதன்மை ஆதாரமாகிறது. அந்த எதிர்பார்ப்பு ஒருமுறை உடைந்துவிட்டால், சராசரி முறை நட்டத்தைத் தவணை முறையில் பெருக்கும் கருவியாகவே மாறிவிடும். சந்தை மதிப்பில் முதல் பத்து நாணயங்களுள் ஒன்றாக இருந்த லூனா, 2022 மே மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 80 டாலருக்கு விற்று, அம்மாதத்தின் நடுப்பகுதிக்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே வீழ்ந்தது. விலை இறங்க இறங்க வாங்கியவர்கள் வியூகத்தைத் துல்லியமாகப் பின்பற்றியே பணத்தை இழந்தார்கள்.

பிட்காயின் மீண்டெழுந்ததே என்று இதற்கு மறுப்புக் கூறப்படும். 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலரைத் தொட்ட அதன் விலை, ஓராண்டில் 16,000 டாலர் அளவுக்குச் சரிந்து, 2024 மார்ச்சில்தான் பழைய உச்சத்தைக் கடந்தது என்பது உண்மை. ஆனால் மீளப்போவது பிட்காயின், மீளாமற்போவது லூனா என்பது நடந்து முடிந்த பின்னரே தெரியவந்தது. மேலும், நான்கில் மூன்று பங்குக்கு மேல் கரைந்த சேமிப்பை இரண்டாண்டுகளுக்கு மேல் தொடாமல் வைத்திருக்க, இடையில் மகளின் கல்லூரிக் கட்டணமோ லாரிக்கடன் தவணையோ குறுக்கிடாத வாழ்க்கை வேண்டும். மாதவருமானக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது வாய்ப்பதில்லை.

அடுத்துச் சொல்லப்படுபவை இரண்டு: பணத்தைப் பல நாணயங்களில் பரப்பி வைப்பது, விலை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் தானாகவே விற்றுவிடும்படி, ஸ்டாப்-லாஸ் எனப்படும் ஆணையை முன்கூட்டியே இட்டு வைப்பது. இவ்விரண்டும் பரிமாற்றத் தளம் இயங்கிக்கொண்டிருக்கும் வரையிலேயே பொருளுடையவை. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்னும் பரிமாற்றத் தளத்தின் டிஜிட்டல் பணப்பை ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டபோது, பணமும் நாணயமும் எடுப்பது நிறுத்தப்பட்டு, வணிகமும் முடங்கி, 2025 அக்டோபரில்தான் தளம் மீண்டும் திறந்தது. 2024 ஜனவரியில் சென்னையிலிருந்து அத்தளத்தின் வழியே ரூ.1,98,516-க்கு எக்ஸ்ஆர்பி நாணயங்களை வாங்கிய ஒருவர், களவுபோனவை வேறு வகை நாணயங்களாக இருந்தும், தம்முடையவற்றை விற்க இயலாமல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சட்டத்தின் பார்வையில் உடைமையே என்று தீர்ப்பளித்து அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு வழங்கினார். அத்தீர்ப்பு வரவேற்கத்தக்கது; எனினும், சரியான நாணயத்தைத் தேர்ந்தெடுத்தவரும் நீதிமன்றத்தின் துணையின்றித் தம் பொருளைக் காத்துக்கொள்ள முடியவில்லை என்பதற்கும் அதுவே சான்று. வங்கி வைப்புத்தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்ள காப்பீட்டைப் போன்ற எதுவும் இத்தளங்களில் கிடக்கும் நாணயங்களுக்கு இல்லை. தளத்தை நம்பாமல் தம் சொந்தப் பணப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள், அதைத் திறக்கும் ரகசியச் சொற்றொடர் தொலைந்தாலோ, வாரிசுக்குச் சொல்லாமல் உரியவர் இறந்தாலோ மீட்டுத்தர எந்த அலுவலகமும் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வியூகம் பேசுவோர் மிக எளிதாகக் கடந்துசெல்வது வரிச் சட்டத்தை. 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கிரிப்டோ நாணயங்களை மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என வகைப்படுத்தி, லாபத்தின்மீது 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத மேல்வரியும் விதித்ததோடு, வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்கவோ, ஒரு நாணயத்தின் நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுசெய்யவோ, அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்லவோ இடமில்லை என்றும் வரையறுத்தது. ஒரு நாணயத்தில் 50,000 ரூபாய் லாபமும் மற்றொன்றில் அதே அளவு நட்டமும் கண்டவர், கையில் ஒரு ரூபாய்கூட மிஞ்சாத நிலையிலும் 15,600 ரூபாய் வரி செலுத்த வேண்டும். பல நாணயங்களில் பரப்புவது பாதுகாப்பு என்ற வாதம் இந்தியாவில் இவ்வாறு தலைகீழாகிறது. விற்பனைத் தொகையில் 1 சதவீதம் வரியாக மூலத்திலேயே பிடிக்கப்படுவதால், மீதியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு 69 முறை விற்பவரின் மூலதனத்தில், விலை மாறாதிருந்தாலும், பாதி வரிப்பிடித்தமாக முடங்கிவிடும். கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். அதுவரை அப்பணம் அவருடைய வியூகத்துக்கு உதவாது. வரி விதிப்பதை அரசின் அங்கீகாரமாகக் கொள்வதும் பிழை. வரி வசூலிப்பதாலேயே இது சட்டபூர்வமாகிவிடாது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2022-லேயே தெளிவுபடுத்தினார்.

கிரிப்டோவைத் தடைசெய்ய வேண்டும் என்பது இவ்வாதத்தின் முடிவன்று. ஊக வணிகத்தில் ஈடுபடும் உரிமை ஒருவருக்கு உண்டு. ஊகத்துக்கு முதலீடு என்று பெயர் சூட்டி, ஒழுங்காகச் செய்தால் ஆபத்தில்லை என்று பிறரையும் அதில் இறக்குவதே கண்டனத்துக்குரியது. எந்த நாணயம், எப்போது, எவ்வளவு என்ற கேள்விகளில் வாங்குபவரின் கையில் உறுதியாக இருப்பது ‘எவ்வளவு’ என்பது மட்டுமே. ஆகவே, முழுவதும் போனாலும் வீட்டுச் செலவு, கடன் தவணை, மருத்துவச் சேமிப்பு ஆகியவற்றில் எதுவும் குலையாத தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் போடாதிருப்பதே இதில் சாத்தியமான ஒரே வியூகம். அப்படி ஒரு தொகை இல்லாத குடும்பம் இந்தச் சந்தைக்குள் நுழையவே கூடாது.