மூக்கை நம்பி நடக்கும் குசினிகள்

சென்ற மாதம் ஓர் இரவு, எங்கள் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில் கொத்து வாங்கக் காத்திருந்தேன். குசினிக்குள் நின்று கொத்துப் போட்டுக்கொண்டிருந்தவன் என்னிடம் சாதாரண தரம் வரை விஞ்ஞானம் படித்த பிள்ளை. சலாம் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். வாசலிலேயே கேஸ் வாடை அடித்தது.

"மகன், கேஸ் மணக்குதே?" என்றேன்.

"எனக்கு ஒண்டும் மணக்கல்ல சேர்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயே மூன்று சிலிண்டர்கள் நின்றன. ஒன்றின் குழாயில் வெடிப்பு விழுந்த இடத்தைக் கறுப்பு டேப்பால் சுற்றியிருந்தார்கள். பின்னேரத்திலிருந்து அதே வாடைக்குள் நிற்பவனின் மூக்கு மரத்துப் போயிருந்தது.

2021ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களையும் நாம் மறந்திருக்க மாட்டோம். நாட்டின் பல பாகங்களிலும் கேஸ் கசிவு, அடுப்பு வெடிப்பு என்று நாளாந்தம் செய்தி வந்தது. உயிர்களும் போயின. ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் வாயுக்களின் கலவை விகிதம் மாற்றப்பட்டதைப் பிரதான காரணமாகச் சுட்டிக்காட்டியது. விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. கலவை விகிதத்தை சிலிண்டரில் காட்ட வேண்டும் என்ற நிலையும் வந்தது.

இந்த விகிதம் ஏன் முக்கியம்? புரொப்பேன் மறை 42 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. பியூட்டேன் பூச்சியப் பாகைக்குக் கிட்டவே கொதிக்கிறது. எங்கள் 30 பாகை வெயிலில் புரொப்பேனின் ஆவியமுக்கம் பியூட்டேனைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். அப்போது பழைய வாஷர், தளர்ந்த ரெகுலேட்டர், வெடித்த குழாய் ஆகியவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது.

அன்று நாடே வீட்டுக் குசினியைப் பற்றிப் பேசியது. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் நான்கைந்து அடுப்புகளுக்கு நடுவே நிற்கும் ஹோட்டல் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்தத் தொழில் எங்கள் சமூகத்தில் பலருக்குச் சோறு போடும் தொழில். கடை முதலாளியும் நம்மவர், உள்ளே வேகுபவனும் நம் பிள்ளை. ஆகவே இந்தக் கேள்வியை நாமே கேட்க வேண்டும்.

புரொப்பேனுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிவை அறிவதற்காகவே மேர்கப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். காற்றில் சுமார் 2 வீதம் புரொப்பேன் கலந்தால் ஒரு தீப்பொறி போதும், பற்றிக்கொள்ளும். அந்த எல்லையின் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது சுமார் 0.4 வீதத்தை, எட்டுவதற்குள் மணம் தெரிய வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நியதி.

இனித் தொழிலாளிக்கான அளவைப் பாருங்கள். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிப்படி எட்டு மணித்தியால வேலையில் ஒருவர் சுவாசிக்கும் காற்றில் புரொப்பேன் சராசரியாகப் பத்து இலட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டக் கூடாது. அது 0.1 வீதம். 2,100 பங்கு என்றால் உயிருக்கு உடனடி ஆபத்தான நிலை என்று அங்கே வகுத்திருக்கிறார்கள். அதாவது, மணம் கட்டாயம் தெரிய வேண்டிய அளவு, தொழிலாளிக்கு அனுமதித்த அளவைப் போல நான்கு மடங்கு. வாடை முன்னரே தெரிந்தாலும், நாள் முழுக்க உள்ளே நிற்பவனின் மூக்கு அதை அறியாது. ஆகவே "மணத்தால் தெரியும்தானே" என்ற பேச்சு செல்லாது. கருவி வைத்து அளக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள குசினியின் காற்று முழுவதையும் தீப்பற்றும் நிலைக்குக் கொண்டுவர ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கேஸ் போதும். 12.5 கிலோ சிலிண்டரில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. கேஸ் காற்றைவிடப் பாரமானது, தரையோடு தேங்கும். அதனால் அதைவிடக் குறைந்த கசிவிலும் காலடியில் ஆபத்து உருவாகும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைகளை நோக்கி எழுதப்பட்டது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பெரும்பாலும் வேலை நேரம், லீவு, சம்பளம் பற்றியே பேசுகிறது. 2009இல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனத்துக்கும் தனிச் சட்டம் வந்தது. ஆனால் கொத்துக் கடையின் பின்பக்கக் குசினியில் கருவியோடு வந்து காற்றை அளந்த ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை.

"இதற்கெல்லாம் காசு எங்கே?" என்று முதலாளிமார் கேட்பார்கள். இன்றைய விலைவாசியில் அது நியாயமான கேள்விதான். ஆனால் முதல் வேலைகளுக்குப் பெரிய செலவில்லை. சிலிண்டர்களைக் காற்றோட்டமுள்ள வெளிப்பக்கம் வைத்து, தகுந்த குழாய் மூலம் கேஸைக் கொண்டுவரலாம். டேப் சுற்றிய குழாயை வீசிவிட்டுப் புதிது போடலாம். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். கசிவு அறிவிக்கும் கருவி வாங்கினால் தரைக்குக் கிட்டப் பொருத்த வேண்டும். கூரைக்குக் கிட்டப் பொருத்தினால் தரையில் தேங்கும் கேஸ் அதற்குத் தெரியாது. வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு, ஜன்னலைத் திறக்க வேண்டும் என்பதை வேலைக்கு வரும் முதல் நாளிலேயே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பிரதேச சபைகள் வியாபார அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போது இவற்றை நிபந்தனையாக்கலாம். வர்த்தக சங்கங்கள் ஒரு கருவியைப் பொதுவில் வாங்கி, மாதம் ஒருமுறை கடை கடையாக அளக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் நோன்புக் கஞ்சி காய்ச்சும் குசினியிலிருந்து தொடங்கலாம்.

எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வாயுக்களின் அமுக்கத்தைப் பாடமாக்கிக் கொடுத்தேன். கசிந்த கேஸ் காலடியில் தேங்கும் என்று நான் சொல்லிக்கொடுத்த ஞாபகம் இல்லை. இந்தத் தவணை பத்தாம் வகுப்புக்கு அதைச் சொல்லியிருக்கிறேன்.

கடை முதலாளியிடமும் பேசினேன். மறுநாளே குழாயை மாற்றிவிட்டார். சிலிண்டர்கள் மூன்றும் இன்னும் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. அடுத்த வாரம் மறுபடியும் போவேன்.