கிழக்கு வாசல் பிரம்மஹத்தி

‘ஹவுஸ்’ தொடரின் ஐந்தாம் பருவத்தில் ‘ஹவுஸ் டிவைடட்’ (2009) என்றோர் அத்தியாயம் உண்டு. தூக்கமிழந்த மருத்துவர் ஹவுஸின் எதிரில் ஆம்பர் வந்து நிற்கிறாள். குடித்திருந்த அவரை அழைத்துப்போக வந்து, பேருந்து விபத்தில் சிக்கி, முந்தைய பருவத்தில் இறந்தவள். தோற்றம்தான் என்று தெரிந்தே அவளிடம் யோசனை கேட்கிறார். அந்த யோசனையால் சக மருத்துவன் சேஸ் ஒவ்வாமையில் சாகக் கிடக்கும்போது, தன் மனமே அவனைக் கொல்லப் பார்த்ததோ என்ற ஐயம் அவரைப் பிடிக்கிறது. அறிவை மட்டுமே நம்பியவருக்கு அறிவே பொய்ச்சாட்சி ஆகிறது.

இதெல்லாம் அயல் சரக்கு, நம் ரசிகனுக்குப் புரியாது என்பார்கள். பச்சைப் பொய். வரகுண பாண்டியனின் குதிரைக் குளம்பில், அவன் அறியாமலே ஓர் அந்தணன் மிதிபட்டு இறக்கிறான். பிரம்மஹத்தி பாண்டியனைத் தொடர்கிறது. திருவிடைமருதூர்க் கோயிலின் கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கு வாசலில் வெளியேறித் தப்புகிறான். அது இன்னும் கிழக்கு வாசலில் காத்திருப்பதாக ஐதீகம். குற்றவுணர்வு உருவமெடுத்துப் பின்தொடரும் என்பது நம் பாட்டிகளுக்கே தெரிந்த சேதி.

தமிழ்த் திரை என்ன செய்தது? ‘ஆளவந்தான்’ (2001) நந்து இறந்த தாயைக் காண்கிறான், கொல்கிறான். ‘3’ (2012) ராம் இல்லாத உருவங்களைக் காண்கிறான், தன்னை மாய்த்துக்கொள்கிறான். நந்துவின் பால்யக் கொடுமையை அக்கறையோடுதான் படம் சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கொல்வான் அல்லது சாவான் என்பதைத் தாண்டி இவர்களுக்கு ஒரு வழி காட்டப்படுவதில்லை. ஹவுஸோ அப்பருவத்தின் முடிவில் மனநல மருத்துவமனைக்குள் தானே நுழைகிறார். பிறகு வேலைக்கும் திரும்புகிறார்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். நவம்பரில் ‘ஆளவந்தான்’ வெளியானது. அது தற்செயல். காப்பாற்றப்பட வேண்டியவரை அஞ்சத்தக்கவராகவே திரை அதன் பின்னும் காட்டிவந்தது தற்செயலன்று.

1794இல் தொடங்கிய மருத்துவமனையின் ஊர்ப்பெயரை வசவாக்கியதில் நம் நகைச்சுவைக் காட்சிகளுக்கும் பங்குண்டு. திருமுடிவாக்கத்திலிருந்து தாம்பரம் போகும் பேருந்தில் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்றால் சிரிக்க ஆளிருக்கிறது. அதே பேருந்தில் காதில் குரல் கேட்கும் ஒருவர் இருந்தால், அந்தச் சிரிப்புக்குப் பயந்தே வாய் திறக்கமாட்டார். சங்கிலி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு ஆசிரியைக்கோ ஓட்டுநருக்கோ அந்தத் தோற்றம் வரட்டும். அவர் மருத்துவம் பார்த்து, மறுபடி வேலைக்குப் போகட்டும். அப்படியொரு தமிழ்க்கதையை யாராவது எடுங்கள்.