ஓநாய் எந்த மானைத் தின்கிறது?

இரை பெருகினால் வேட்டை விலங்கு பெருகும். அது பெருகினால் இரை குறையும். இரை குறைந்தால் அதுவும் பட்டினியில் சாகும். 1920களில் லோட்காவும் வோல்டெராவும் தனித்தனியே எழுதிய சமன்பாடுகள் காட்டும் ஊஞ்சல் இது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு மானுக்கும் இன்னொரு மானுக்கும் வித்தியாசமே கிடையாது. ஓநாய்க்கோ அந்த வித்தியாசம்தான் வாழ்வும் சாவும்.

சுப்பீரியர் ஏரியில் உள்ள அமெரிக்காவின் ஐல் ராயல் தீவில் 1958 முதல் ஓநாய்களையும் மூஸ் மான்களையும் ஆய்வாளர்கள் விடாமல் கவனித்து வருகிறார்கள். ஓநாய்கள் தின்று போட்ட எலும்புகளைத் தேடிப் பொறுக்குவார்கள். பல்லைக் குறுக்கே அறுத்து, ஆண்டுக்கு ஒன்றாகப் படிந்த கோடுகளை எண்ணினால் மானின் வயது தெரிந்துவிடும். ஓநாய்க்கு இரையாவது பெரும்பாலும் ஒரு வயது நிரம்பாத கன்றும், இடுப்பு மூட்டு தேய்ந்துபோன கிழமும்தான். நல்ல வயதில் இருக்கும் மூஸ் நின்று உதைத்தால் ஓநாயின் விலா நொறுங்கும். கூட்டம் சற்று ஆழம் பார்த்துவிட்டு விலகிப்போகும். கன்று ஈனுவதும் பெரும்பாலும் அந்த வயதுப் பெண் மான்களே. அசல் பத்திரமாக இருக்க, ஓநாய் தின்பது வட்டியை. ஊஞ்சல் அறுந்து விழாமல் இருப்பதற்கு இது முக்கியமான காரணம் என்பேன்.

அப்படியானால் அந்தத் தீவில் ஏன் இத்தனை ஏற்ற இறக்கம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1980இல் 50 ஆக இருந்த ஓநாய்கள் இரண்டே ஆண்டில் 14 ஆயின. நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் அங்கே புகுந்த காலம் அது. நோயையும் கடுங்குளிரையும் வயதுக் கணக்கு தடுக்காது. அதோடு, வயது பாதுகாப்பு மட்டுமே தருகிறது என்பதும் சரியல்ல. ஐல் ராயலில் ஓநாய்களின் எண்ணிக்கை, மொத்த மான்களைவிடக் கிழ மான்களின் எண்ணிக்கையையே ஒட்டி ஏறி இறங்கியது. ஏராளமாகக் கன்றுகள் பிறந்த ஆண்டின் பலன் ஓநாய்க்கு முழுதாகக் கிடைக்கப் பத்து ஆண்டுகள் ஆகும். இந்தத் தாமதமே ஊஞ்சலை வேகமாகத் தள்ளிவிடவும் கூடும். ஆக, வயது எப்போதும் நிலைப்படுத்தும் என்று நான் வாதிடவில்லை. தலைகளை மட்டும் எண்ணி, காட்டின் நாளையைச் சொல்ல முடியாது என்கிறேன்.

வயதை அறிவது பெரும்பாடு என்பார்கள். உண்மைதான், ஆனால் தாடை எலும்புகளைச் சுமந்து திரும்பும் ஒரு சிறு குழு அதைப் பல பத்தாண்டுகளாகச் செய்துகாட்டியிருக்கிறது. மனித வேட்டைக்கு அனுமதி தரும் இடங்களில் இந்தக் கணக்கு இன்னும் அவசியம். மானின் உதைக்குத் துப்பாக்கி அஞ்ச வேண்டியதில்லை. ஓநாய் விட்டுவைக்கும் அந்த அசலையும் அது எடுத்துவிடுகிறது.